குளிராத்துக் கல்லில் யாரும் நிற்பதில்லை

காவிரியில் தண்ணீர் வராத ஆண்டில்தான் எங்கள் புகைப்படச் சங்கம் கண்காட்சிக்கு ‘ஓடும் நீர்’ என்று தலைப்புக் கொடுத்தது. தீர்மானம் நிறைவேற்றியவர்கள் யாரும் அந்த வாரம் ஆற்றுப் பக்கம் போயிருக்க மாட்டார்கள். பாலத்தின் மேல் நின்று எட்டிப் பார்த்தேன். கீழே மணலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து அடித்த இடத்தில் புழுதி கிளம்பியது.

நான் தண்ணீர் சம்பந்தப்பட்ட அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். இல்லாத தண்ணீரை மூன்று தாலுகாக்களுக்குப் பங்கிட்டு நகல்களோடு கடிதம் எழுதத் தெரியும். அதைப் படம் பிடிக்கத் தெரியாது. ஆகவே இலங்கைக்குப் போனேன். அங்கே போர்நிறுத்தம் நடந்துகொண்டிருந்தது. தண்ணீர் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது.

கொழும்பில் விசாரித்தபோது பெயர்பெற்ற அருவிகளை எல்லாம் சொன்னார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் கைப்பிடிக் கம்பியும் சோளம் விற்பவர்களும் உண்டு என்றும் சேர்த்துச் சொன்னார்கள். சப்ரகமுவப் பக்கம் எப்படி என்று கேட்டேன். “அங்கே என்ன இருக்கிறது, மழையும் அட்டையும்தான்” என்றார் விடுதிக்காரர். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க எனக்கு அது போதுமான பரிந்துரை.

இரத்தினபுரியில் இருந்து றக்வானைக்குப் போன பஸ்ஸில் ஓட்டுநருக்கு மேலே புத்தருக்கும் பிள்ளையாருக்கும் ஒரே வண்ண விளக்குச் சரம் எரிந்தது. நடத்துநர் சிங்களத்தில் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார்: “முன்னால் போங்கள், முன்னால் நிறைய இடம் இருக்கிறது.” முன்னால் இருந்தது கண்ணாடி மட்டுமே. அரசாங்க அறிவிப்புகளை வாழ்நாள் முழுவதும் எழுதியவனுக்கு அந்தக் குரல் சொந்த ஊர்க் குரல் போலக் கேட்டது.

வழியில் ஓர் இராணுவக் காவலரண். என் கேமரா முக்காலியின் நீளப் பை ஒரு சிப்பாய்க்குப் பிடிக்கவில்லை. கடவுச்சீட்டு, ஓய்வூதிய அட்டை, சங்கத் தலைவரின் கடிதம் என்று கேட்காததையும் சேர்த்து நீட்டினேன். எந்த அலுவலரையும் களைக்க வைக்கும் முறை அது. அவர் காகிதங்களை விட்டுவிட்டுக் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார். ஒன்றும் தெரியவில்லையே என்றார். லென்ஸின் முன்னால் வெல்டிங் வேலைக்காரர்கள் முகத்துக்கு வைத்துக்கொள்ளும் கரும்பச்சைக் கண்ணாடி பொருத்தியிருந்தது. ஒன்றும் தெரியாமல் இருப்பதற்குத்தான் அது என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

அந்தக் கண்ணாடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். கேமராவின் ஷட்டரைச் சட்டென்று திறந்து மூடினால் ஓடும் நீர் துளித்துளியாக உறைந்து விழும். அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று திறந்தே வைத்தால் நீர் புகைபோல, பிரித்துப் போட்ட பஞ்சுபோல ஆகிவிடும். பாறை மட்டும் பாறையாகவே இருக்கும். பகலில் அவ்வளவு நேரம் திறந்து வைத்தால் படம் வெளுத்துப்போகும் என்பதால்தான் இருட்டுக் கண்ணாடி. அதற்கென்று விற்கும் விலையுயர்ந்த கண்ணாடியை வாங்க எனக்கு மனம் வரவில்லை. வெல்டிங் கண்ணாடியில் ஒரே குறை, படம் முழுக்கப் பச்சை ஏறிவிடும்.

நேரத்தை நான் அணைகளால் அளப்பது வழக்கம். மேட்டூரில் ஆரம்பித்து, பவானிசாகர், அமராவதி, வைகை என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டே போய் பேச்சிப்பாறையில் ஷட்டரை மூடினால் படம் சரியாக இருக்கும்.

றக்வானையில் பாறூக் என்பவர் கடைக்கு மேலே அறை வைத்திருந்தார். கீழே சாப்பாட்டுக்கடை, வாசலில் வேன், எல்லாம் அவருடையதே. வயது நாற்பது இருக்கும். முதல் இரவு பாண் என்கிற பிரெட்டும் பருப்பும் கட்டச்சம்பல் என்கிற மிளகாய்த் துவையலும் வந்தன. சம்பலில் மீன் வாடை அடித்தது. நான் சைவம் என்றேன். “மீன் இல்ல சேர், மாசிதான்” என்றார். மாசி என்பது உலர்ந்து கட்டையாகிப்போன மீன். உயிர் போய் அவ்வளவு நாளான பின்பு அது மீன் ஆகாது என்பது அவருடைய வாதம். எவ்வளவு நாளானால் இறந்தது இறந்ததாகும் என்ற கேள்வி மீனோடு முடிந்துவிடும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

மறுநாள் பாறூக்கின் வேனில் மலை ஏறினோம். மேலே இருந்த தேயிலைத் தோட்டத்துக்கு ஏதோ ஒரு ஸ்காட்லாந்துக் கிராமத்தின் பெயர். அங்கே இருப்பவர்கள் அதைக் குளிராத்துத் தோட்டம் என்கிறார்கள். தேயிலை மலைக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கும் நடுவே குளிராறு இறங்குகிறது. அகலம் குறைவு, வேகம் அதிகம். நீர் கறுப்பாக வந்து கற்களில் வெள்ளையாக உடைகிறது. கடப்பதற்கு வரிசையாகக் கற்கள் போட்டிருக்கிறார்கள். வரிசைக்குச் சற்று மேலே ஒரு தட்டைப் பாறை, ஒருவர் உட்காரத் தக்க உயரம். எனக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. முக்காலியை நட்டேன்.

மாலையில் பறித்த கொழுந்தை எடை போட்டு முடித்துப் பெண்கள் வந்தார்கள். முப்பது பேர் இருப்பார்கள். தூரத்தில் வரும்போது ஒரே சத்தம். யாரோ யாரையோ கேலி செய்ய மற்றவர்கள் சிரித்தார்கள். முதல் கல்லில் கால் வைத்ததும் சத்தம் நின்றது. வெளியூர்க்காரன் ஒருவன் கறுப்புப் பெட்டியோடு நிற்கிறான், ஒரு தலையாவது திரும்ப வேண்டும். ஒன்றும் திரும்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக, தரையைப் பார்த்தபடி, விறுவிறு என்று கடந்தார்கள். கடைசிப் பெண் அக்கரை ஏறிய பிறகு சத்தம் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தது.

அத்தனை நேரமும் ஷட்டர் திறந்தே இருந்தது. அது எனக்குக் கவலை இல்லை. நடந்துகொண்டே இருப்பவர்கள் மெதுவான படத்தில் பதிய மாட்டார்கள்.

ஏன் இப்படி என்று பாறூக்கிடம் கேட்டேன். அவர் வேனைக் கிளப்பி முதல் வளைவைத் தாண்டிய பிறகே பதில் சொன்னார்.

“போன வருஷ மழைல இங்க ஒருத்தர் போயிட்டாரு சேர். செல்வம்னு, லயத்து ஆள். மையித்து, ஒடம்பு, கெடைக்கல்ல. காரியம் முடியும் மட்டும் அந்தக் கல்லுல யாரும் நிக்கிறல்ல, பேசுறல்ல, திரும்பிப் பாக்குறல்ல. நானும்தான்.”

நீங்கள் முஸ்லிம் ஆயிற்றே என்றேன்.

“தண்ணிக்கு அது தெரியுமா சேர்?”

பொது இடத்தில் கூட்டம் சேராமல் தடுக்க எங்கள் ஊரில் சட்டப் பிரிவும் போலீஸும் வேண்டும். இங்கே காரியம் முடியாத ஓர் ஆறு போதுமாக இருந்தது. இதை ஒரு வேடிக்கையாகக் குறித்துக்கொண்டேன். ஆனால் நாள் முழுவதும் நான் மட்டும் அங்கே அசையாமல் நின்றிருந்தேன் என்பது அறைக்கு வந்து படுத்த பிறகு உறைத்தது.

மூன்றாம் நாள் காலை நான் முக்காலியை விரித்துக்கொண்டிருக்கும்போது மேலே பாதையில் இருந்து ஒரு குரல் கூப்பிட்டது. வெள்ளை வேட்டியும் பழைய கோட்டும் போட்ட பெரியவர். ஆற்றுக்கு இறங்காமல், கூப்பிடு தூரத்திலேயே நின்றார். நானே ஏறிப்போனேன். பெயர் பழனிமுத்து, செல்வத்தின் தகப்பனார். வீட்டுக்கு வர வேண்டும் என்றார்.

லயத்தின் கடைசிக் காம்பரா, ஒற்றை அறை வீடு. உள்ளே அடுப்புப் புகைக்கு நடுவே ஒரு பெண் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நெற்றியில் பொட்டு, கழுத்தில் தாலிக்கயிறு. அதன் மஞ்சள் புதிதாக இருந்தது. மருமகள் பரமேஸ்வரி என்றார் பெரியவர். அவள் பால் இல்லாத சாயத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கித்துள் கருப்பட்டியும் கொடுத்தாள். கடித்துக்கொண்டு குடிக்க வேண்டும். சர்க்கரையைக் கரைத்துக் கெடுக்கும் எங்கள் வழக்கத்தைவிட இது நாகரிகமானது.

பெரியவருக்கு ஒரு வேலை ஆக வேண்டியிருந்தது. வருஷம் திரும்புவதற்குள் மகனுக்குக் கருமாதி முடிக்க வேண்டும். உடல் இல்லாவிட்டால் படத்துக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, அதன் முன்னால் செய்வது அவர்கள் வழக்கம். செல்வத்துக்குப் படம் இல்லை. அவன் முகம் ஒட்டியிருந்த ஒரே காகிதம் அடையாள அட்டை. காவலரண்களின் காலத்தில் அதைச் சட்டைப் பையில் வைக்காமல் யாரும் வாசலைத் தாண்ட மாட்டார்கள். அவனோடு அதுவும் போய்விட்டது. மாற்று அட்டைக்கு எப்படி விண்ணப்பிப்பது, அலுவலகக் கோப்பில் இருக்கும் மூலப் படத்தை எப்படி வாங்குவது என்று சொல்ல எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அதையெல்லாம் பார்த்தாயிற்றாம். அங்கே போன மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லையாம். அதற்குமேல் சொல்ல எந்த நடைமுறையும் என்னிடம் இல்லை.

“இந்தா, இதுல இருக்கான்” என்று ஒரு கோயில் திருவிழாப் படத்தைக் காட்டினார். ஸ்டூடியோக்காரர் வந்து சாயங்காலத்தில் எடுத்தது. ஐம்பது பேர் விறைத்து நின்றார்கள். ஓரத்தில் ஒரு சட்டைக்கு மேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் இழுப்பு, ஈரக் கையால் துடைத்தது போல.

“ஒரு எடத்துல நிக்க மாட்டான்ங்க. யாரோ கூப்புட்டாங்கன்னு திரும்பிட்டான்.”

வெளிச்சம் குறைவு, ஷட்டரை மெதுவாகத் திறந்திருப்பார்கள், அசைந்த முகம் கலைந்துவிட்டது என்று விளக்கினேன். அடுப்புப் பக்கம் இருந்து முதல் முறையாகப் பரமேஸ்வரி பேசினாள்.

“திரும்புனா படத்துல விழாதுங்களா?”

திரும்பினால் இப்படிக் கொஞ்சம் கலைந்து விழும், நடந்துகொண்டே இருந்தால் விழவே விழாது என்றேன். முந்தின நாள் முப்பது பெண்கள் என் கேமராவின் முன்னால் நடந்ததையும், படத்தில் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள் என்பதையும் சொன்னேன். அவள் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

பெரியவர் கேட்டது இதுதான். மகனின் முகம் கிடைக்காவிட்டால் அவனைக் கொண்டுபோன இடத்தையாவது படமாக எடுத்துத் தர வேண்டும். அந்தக் கல், அந்தத் தண்ணீர். அதற்கு மாலை போட்டுக் காரியத்தை முடித்துவிடலாம் என்று தோட்டத்துத் தலைவரும் கோயில் பூசாரியும் சொல்லிவிட்டார்கள். காரியம் முடிந்தால் கல்லும் வெறும் கல்லாகும், சனங்கள் நின்று பேசிக்கொண்டு கடக்கலாம். அவனுக்கும் ஓய்வு. அவர் அப்படிச் சொன்னபோது பரமேஸ்வரி தாலிக்கயிற்றை ரவிக்கைக்குள் விட்டுக்கொண்டாள். கருமாதி அன்றைக்குக் கழற்ற வேண்டியது அதுதான் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் மாமனாரிடம் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், நான் வாசல் தாண்டும்போது, தணிந்த குரலில் சொன்னாள்: “அவரு போனத யாரும் பாக்கலீங்க. தண்ணி பெருசா வந்துச்சு, அவரக் காணோம். அம்புட்டுத்தான்.”

அன்று மாலை அந்தப் படத்தை எடுத்தேன். மழை மேகம் இறங்கி, வெளிச்சம் தண்ணீருக்குள் இருப்பது போல ஆகிவிட்டது. தட்டைப் பாறையை நடுவில் வைத்து ஷட்டரைத் திறந்து மேட்டூர் என்றேன். அமராவதி வரும்போது கணுக்காலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தால் காலுறைக்கு மேல் ஓர் அட்டை. சட்டைப் பையில் சவுக்காரத் துண்டு வைத்திருந்தேன், எடுத்துத் தேய்த்தேன். அது விழுந்தது, அதற்குக் கீழே இன்னொன்று. வைகையா சாத்தனூரா என்று மறந்துபோய், முழுப் பட்டியலையும் முதலில் இருந்து சொல்லி முடித்து ஷட்டரை மூடினேன். தலை நிமிர்ந்தபோது கற்களின் மேல் பெண்கள் கடந்துகொண்டிருந்தார்கள், எப்போதும்போல் ஓசையின்றி. பாறை காலியாக இருந்தது.

முதுகுப் பக்கம் மட்டும் கொஞ்சம் சில்லிட்டது. அட்டை சட்டைக்குள் போயிருக்குமோ என்று கழற்றி உதறினேன். ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் முழுக்க மழை. பாறூக் பிலிம் சுருளை வாங்கிக்கொண்டு இரத்தினபுரி லேபுக்குப் போனார். பாதையில் மண் சரிந்து வாகனங்கள் நின்றுவிட்டன என்று மதியம் செய்தி வந்தது. நான் கடையில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். இந்த மழையில் ஒரு நாளைக்கு உரியதை எங்கள் மாவட்டத்துக்கு மாற்றிக் கொடுத்தால் ஓராண்டு வழக்குகள் தள்ளுபடி ஆகும். பக்கத்து மேசையில் இரண்டு சிங்களப் பெரியவர்கள் பேசியதைக் கடைப்பையன் தமிழில் சொன்னான். “ஆறு ஆளைத் திருப்பிக் கொடுக்க நினைத்தால் மூன்று நாளில் கொடுத்துவிடும்” என்றாராம் ஒருவர். “இல்லையென்றால் ஆள் ஆற்றுக்குப் போகவில்லை” என்றாராம் மற்றவர். அவர்கள் யாரைப் பற்றிப் பேசினார்களோ தெரியாது. பருப்பு ஆறிப்போகும் வரை சாப்பிடாமல் இருந்தேன்.

இருட்டும் நேரத்தில் பாறூக் வந்தார். எப்போதும் வாசலிலேயே பேச ஆரம்பிக்கிறவர், படக் கவரை என் முன்னால் வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார்.

எல்லாப் படங்களும் பச்சை. லேப்காரர் திருத்தப் பார்த்து, பாதியில் கைவிட்டிருந்தார். கற்கள், பெரணி, வானம் எல்லாம் ஆழத்துக்குள் கிடப்பது போல இருந்தன. நீர் மட்டும் வெள்ளையாக, துவைத்து விரித்த சேலை போலப் பாறைகள் மேல் கிடந்தது. முப்பது பெண்கள் கடந்த படத்தில் கற்கள் மட்டும் வரிசையாக இருந்தன. ஒரு கூடையின் நிழல்கூட இல்லை. இதுவரை எல்லாம் நான் சொன்னபடிதான்.

தட்டைப் பாறையின் படத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

முகம் இல்லை. தலை குனிந்திருந்தது. இடது கால் மடிந்து, கை அதன் மேல் கிடந்தது. தோளுக்குள்ளே பின்னால் இருந்த பெரணியின் இலை தெரிந்தது. ஆண் என்றுதான் தோன்றியது. அதற்கு மேல் எதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

முதலில் எழுந்தது உத்தியோக புத்தி. விளக்கம் எளிது. திறந்திருந்த நேரத்தில் பாதி அளவு ஒருவர் அங்கே அசையாமல் உட்கார்ந்திருந்தால் இப்படிப் பாதியாகத்தான் பதிவார். நான் அட்டையோடு போராடிக்கொண்டிருந்தபோது யாரோ வந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். நீங்களா என்று பாறூக்கிடம் கேட்டேன். அவர் மேலே ரோட்டில், வேனுக்குள், ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாராம். நானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நான் முக்காலியை விட்டு நகரவில்லை.

“லேப்ல வெச்சே பாத்துட்டாங்க சேர். ரோட்டுல வேன் நின்ட நேரம் எல்லாரும் கேட்டாங்க. நான் என்ன செய்ய? காட்டினேன்.”

ஆக, எங்களுக்கு முன்னால் செய்தி மலை ஏறியிருந்தது.

மறுநாள் காலை லயத்து வாசலில் ஆண்களும் பெண்களுமாக நின்றிருந்தார்கள். பழனிமுத்து என் கையில் இருந்து படத்தை இரண்டு கைகளாலும் வாங்கினார். நீண்ட நேரம் பார்த்தார். அவர் விரல் அந்த மடிந்த காலின் மேல் போய்ப் போய் வந்தது. யாரோ ஒரு பெண் விம்மினாள். மாலைக்குப் பூ வாங்கப் பலாங்கொடைக்கு ஆள் போகட்டும் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

நான் விளக்கத்தைச் சொன்னேன். முந்தாநாள் மாலை அட்டை கடித்ததற்கோ கால் வலித்ததற்கோ யாராவது ஒரு நிமிடம் அந்தப் பாறையில் உட்கார்ந்திருக்கலாம், உட்கார்ந்தவர் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது என்றேன். கடைசியில் வெற்றிலை போட்ட ஒரு பெண் எனக்குப் புத்தி சொல்லும் தோரணையில் சொன்னாள்.

“அட்டை கடிச்சா வூட்டுல வந்து புடுங்குவோம் ஐயா. அந்தக் கல்லுல ஒக்காந்து புடுங்குறதுக்கு நாங்க என்ன பைத்தியமா? உசுரோட இருக்குற யாரும் அங்க ஒக்கார மாட்டாங்க.”

அதுதான் அவர்கள் முடிவு. உயிரோடு இருப்பவர்கள் எல்லாரும் அங்கே நடந்துகொண்டே இருப்பார்கள். உட்கார்ந்திருப்பவர் உயிரோடு இருப்பவர் அல்ல. என் கேமரா அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தது.

பழனிமுத்து என்னைப் பார்த்தார். “நீங்க படிச்சவங்க. இந்தியாவுல பெரிய உத்தியோகம் பாத்தவங்க. நீங்க சொல்லுங்க ஐயா, இது எம்மகன்தானே?”

எத்தனையோ சான்றிதழ்களில் கையெழுத்து இட்டிருக்கிறேன். ஆள் உயிரோடு இருக்கிறார் என்றும், இந்த நிலம் இவருடையது என்றும், இந்த வாய்க்காலில் நீர் வந்தது என்றும். இதற்கு முன் எந்தக் கையெழுத்தும் இவ்வளவு கனத்ததில்லை. யாரோ ஒருவர் கொஞ்ச நேரம் அங்கே இருந்தார் என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடியும், யார் என்று சொல்ல முடியாது என்றேன். என் காதுக்கே அது அலுவலகப் பதிலாகக் கேட்டது.

பரமேஸ்வரி உள்ளே இருந்து வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. மாமனாரிடம் இருந்து படத்தை வாங்கி, மற்றவர்கள் பார்த்ததைவிடக் குறைந்த நேரமே பார்த்தாள்.

“ஐயா, அன்னைக்கி ஒன்னு சொன்னீங்க. நடந்துகிட்டே இருக்குறவங்க படத்துல விழ மாட்டாங்கன்னு.”

ஆமாம் என்றேன்.

“இவரு யாரோ ஒக்காந்திருக்காரு. ஆடாம அசையாம. எங்க வூட்டுக்காரு அப்புடி ஒக்காந்து நான் பாத்ததே இல்ல. சோறு திங்கையிலயே ரெண்டு தடவ எந்திரிப்பாரு. மாமாவுக்கும் தெரியும்.” அவள் பழனிமுத்துவைப் பார்க்காமல் என்னையே பார்த்தாள். “பொம்பளைங்க எல்லாம் நடந்து போனாங்களே, ஒருத்தரும் விழாத படம். அது இருக்குங்களா?”

கவரில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். பச்சை இருட்டு, வெள்ளைத் தண்ணீர், வரிசையாகக் கற்கள்.

“இதுல எங்க சனம் முப்பது பேரு இருக்காங்க. கண்ணுக்குத் தெரியல. ஆனா இருக்காங்க. சரிங்களா?”

சரி என்றேன். நடந்தவர்களில் பாதிப் பேர் என் எதிரிலேயே நின்றார்கள்.

“அப்ப அவரும் இதுலதான் இருக்காரு. நடந்துகிட்டு இருக்காரு.”

தர்க்கப்படி இது நிற்காது. நடப்பவர் படத்தில் விழ மாட்டார் என்பதால், படத்தில் விழாதவர் எல்லாரும் நடந்துகொண்டிருக்கிறார் என்று ஆகாது. இறந்தவர்களும் விழ மாட்டார்கள். கோப்பில் வந்திருந்தால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பியிருப்பேன். அந்த வாசலில் அந்தத் திருத்தம் என் வாயில் வரவில்லை. வெற்றிலைப் பெண்கூட மெல்லுவதை நிறுத்தியிருந்தாள்.

எல்லாரும் பழனிமுத்துவைப் பார்த்தார்கள். காரியம் அவருடைய உரிமை. அவர் உட்கார்ந்திருக்கும் உருவத்தை மருமகளிடம் இருந்து திரும்ப வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, மடிந்த காலை இன்னொரு முறை பார்த்தார். பிறகு திருவிழாப் படத்தைக் கொண்டுவரச் சொன்னார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றில் நிற்காத மகன், மற்றதில் எழாத ஒருவர். அவர் கண் நிறைந்துவிட்டது. குரல் மட்டும் தோட்டத்து வேலைக்கு ஆள் பிரிக்கும் குரலாகவே இருந்தது.

“யாருன்னு தெரியாத ஆளுக்கு மாலை போட ஏலாது. பூவுக்கு யாரும் போவ வேணாம்.”

என்னிடம் அந்தப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். இங்கேயே வைத்துக்கொள்ளுங்களேன் என்றேன். “எங்களுக்கு வேணாங்க. நீங்க எடுத்தது, நீங்களே கொண்டுபோங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அங்கே நின்றவர்களில் யாரும் அந்தப் படத்தைத் தொட்டு என் கவரில் போட்டு உதவ முன்வரவில்லை.

பரமேஸ்வரி யாரும் இல்லாத படத்தைக் கதவுக்கு எதிர்ச் சுவரில் ஆணியடித்து மாட்டினாள். பொட்டு வைக்கவில்லை, பூ வைக்கவில்லை. உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படும் இடம் அது. எனக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

படம் எடுத்த அன்று முக்காலியை ஆற்றின் அக்கரைக் கொட்டகையில் விட்டிருந்தேன். எடுத்து வர நானே கல் மேல் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு கல் வழுக்கியது. சமாளித்து நிற்பதற்கு எந்த மனிதனும் ஒரு விநாடி எடுத்துக்கொள்வான். நான் எடுத்துக்கொள்ளவில்லை. தட்டைப் பாறை என் வலது பக்கம் இருந்தது. பார்க்கவில்லை. எடுத்துக்கொண்டு திரும்பியபோது கரையில் பாறூக் காத்திருந்தார். என் செருப்பு நனைந்ததைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. முதல் வளைவு தாண்டிய பிறகு, “ஹரி சேர், இனி பேசலாம்” என்றார்; ஹரி என்றால் சிங்களத்தில் சரி.

திரும்பி வந்த கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. அதே காவலரணில் அதே சிப்பாய் இருந்தார். என்னை அடையாளம் கண்டு, ஏதாவது தெரிந்ததா என்று சைகையால் கேட்டார். நான் தலையாட்டியது ஆமாம் என்றா இல்லை என்றா என்பது இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

உட்கார்ந்திருப்பவர் இப்போது என் வீட்டில் இருக்கிறார். உரிமை கோருவார் இல்லாத பொருளை எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, யாருக்கு அறிவிப்பது என்பதற்கு எல்லாம் நடைமுறை உண்டு, எனக்கு மனப்பாடம். உரிமை கோருவார் இல்லாத ஆளுக்கு இல்லை. சுவரில் மாட்ட முடியாது, கிழிக்கவும் கை வரவில்லை. அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். குளிராத்துத் தோட்டத்தில் இருந்து கடிதம் ஏதும் வரவில்லை. கருமாதி நடந்திருந்தால் பாறூக் எழுதியிருப்பார்.

நெகட்டிவில் இருந்து இன்னொரு பிரதி போட்டு, கண்காட்சிக்கு முப்பது பெண்களின் படத்தைக் கொடுத்தேன். நடுவர்கள் ஆறுதல் பரிசு தந்தார்கள். பச்சை நிறம் வேண்டுமென்றே செய்த கலை என்று நினைத்துவிட்டார்கள், நான் மறுக்கவில்லை. பார்க்க வந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அதன் முன்னால் கைகட்டி நின்று, “ஆளரவமே இல்லாத இடம், எவ்வளவு நிம்மதி!” என்றார். அவரைக் கையைப் பிடித்து அடுத்த படத்துக்கு அழைத்துப் போனேன்.

கண்காட்சி ஒரு வாரம் நடந்தது. பொறுப்பாளன் என்பதால் தினமும் அந்தக் கூடத்தில் பலமுறை நடந்தேன். கடைசி நாள் படங்களைக் கழற்றும்போது காவலாளி கேட்டார், அந்தப் பச்சைப் படம் வரும்போது மட்டும் சார் ஏன் தரையைப் பார்த்துக்கொண்டு விறுவிறு என்று போகிறீர்கள் என்று.

நான் அவருக்குப் பதில் சொன்னேன். அடுத்த படத்துக்குப் போன பிறகு.